சுண்ணாம்புக் கம்பத்திலிருந்து ஒரு நடை

நண்பர்களே, ஒரு சிறிய கேள்வியோடு தொடங்குகிறேன். சிராங்கூன் சாலைப் பகுதிக்கு நம் முன்னோர் வைத்திருந்த தமிழ்ப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேக்கா என்று சொல்லாதீர்கள். அது சீன மொழியிலிருந்து வந்தது. ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில் வளர்ந்த மூங்கில் புதர்களைக் குறித்த பெயர். 'லிட்டில் இந்தியா' என்பதோ சுற்றுப்பயணிகளுக்காகப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது.

சுண்ணாம்புக் கம்பம்! இதுதான் அந்தப் பெயர். கம்பம் என்பது கம்போங். அதாவது சுண்ணாம்புக் கிராமம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலைப் பெரியவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே அழைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் சுண்ணாம்பு மலை ஏது என்று கேட்பீர்கள். கிடையாதுதான். கடலிலிருந்து பவளப் பாறையையும் கிளிஞ்சலையும் கொண்டு வந்து சுட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வெள்ளைப் பூச்சை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் கைகள் கட்டிய கட்டடம் அது. அங்கே முதல் வழிபாடு நடந்தது 1861இல். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்த 'மெட்ராஸ் சுண்ணாம்பு'தான் அந்தப் பூச்சு.

இதையெல்லாம் நான் ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல வேண்டும். நான் சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே பிறந்தவள். ஊர் ஈப்போ. கிந்தா ஆறு ஓடும் பள்ளத்தாக்கில், எங்கு திரும்பினாலும் செங்குத்தாக ஒரு சுண்ணாம்புக் குன்று நிற்கும். நான் படித்த தமிழ்த் தொடக்கப்பள்ளியின் திடலிலிருந்து பார்த்தால் ஒரு குன்று தெரியும். அதன் ஒரு பக்கம் பச்சை. கல் உடைத்த மறுபக்கம் வெள்ளை. சித்திரப் பாடத்தில் எல்லாரும் மலைக்குப் பச்சை வண்ணம் தீட்டுவார்கள், நாங்கள் பாதியை அப்படியே தாளின் வெள்ளையாக விட்டுவிடுவோம். ஆசிரியர் திருத்தியதில்லை. பாட்டி என்னைக் கையைப் பிடித்துக் கல்லுமலைக் கோயிலுக்கு நடத்தியே கூட்டிப் போவார். வழியில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர் சொல்வார், ஒரு நோயும் சொல்வார். அதற்கு 'நடைப்பயணம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பேருந்துக் காசு மிச்சம், அவ்வளவுதான்!

பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. தமிழ் அங்கே சனிக்கிழமைப் பாடமாயிற்று. பாட்டியும் நடக்க முடியாதவராகிவிட்டார். அதற்குப் பின் சிங்கப்பூர்.

மூன்று ஆண்டுகளாக இந்த நகரில் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்த சிங்கப்பூர் எம்ஆர்டி வரைபடம்தான். விடுதி, விரிவுரை மண்டபம், ஞாயிற்றுக்கிழமை தேக்கா. ஓர் இடத்தில் நிலத்துக்குள் இறங்கி இன்னோர் இடத்தில் மேலே வருவேன். இரண்டுக்கும் நடுவில் மேடா பள்ளமா, ஆறு ஓடுகிறதா என்பது தெரியாது. எலி வளைக்கும் என் வாழ்க்கைக்கும் அதிக வேறுபாடு இல்லை என்று என் அறைத்தோழி கேலி செய்வாள். அவளும் அதே வளையில்தான் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

சென்ற ஆண்டு அவள் பரிமாற்றத் திட்டத்தில் இங்கிலாந்து சென்றாள். தெற்கே சவுத் டவுன்ஸ் என்னும் சுண்ணக் குன்றுகளில் வார இறுதியில் நடக்கப் போனதாகப் படங்கள் அனுப்பினாள். ஏறுவதற்குக் கடினமே இல்லாத, ஆட்டுக்குட்டியின் முதுகு போன்ற குன்றுகள். கீழே வளைந்து வளைந்து போகும் ஆறு. அங்கே உழவரின் வயலுக்கு நடுவிலும் பொதுமக்கள் நடந்து செல்லப் பாதை உண்டு. அது சட்டம் காக்கும் உரிமை. வேலியில் ஏறிக் கடக்க ஒரு படிக்கட்டு கூட வைத்திருக்கிறார்கள். 'உன் ஊர் மாதிரியே வெள்ளை மண்' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பொறாமையில் பிறந்ததுதான் நம் பேரவையில் நான் வைத்த யோசனை: மாதம் ஒரு முறை சேர்ந்து நடப்போம். செயற்குழுவில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்பு. "மழை வந்தால்?", "வெயிலில் யார் வருவார்?", "அதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் குடை என்று பதில் சொல்லிவிடலாம். மூன்றாவது கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் நம் ஆண்டு நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். விவாதப் போட்டி, பட்டிமன்றம், நாடக விழா, கலை இரவு. எல்லாம் அருமை, நானும் பேசிப் பரிசு வாங்கியவள்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு மேடை, ஓர் ஒலிபெருக்கி, எதிரே வரிசையாய் நாற்காலிகள். மேடையை விட்டு இறங்கியதும் "ஹே, சாப்பிட்டாச்சா, லெட்ஸ் கோ" என்று மாறிவிடுகிறோம். ஆக, தமிழ் என்பது கைத்தட்டலுக்கு முன்னால் பேசும் மொழி என்று நாமே நமக்குப் பழக்கிக்கொண்டோம். நடக்கும்போது எதைப் பேசுவது? நடுவர் இல்லை, மணி அடிப்பவர் இல்லை. பேச்சு நின்றாலும் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

சரி, பேரவை வராவிட்டால் போகட்டும் என்று ஏழு பேர் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேக்கா நிலையத்தில் தோசை தின்றுவிட்டுப் புறப்பட்டோம். ஏழு பேரில் மூவர் இந்த ஊர்ப் பிள்ளைகள், இருவர் என்னைப் போல் மலேசியர், இருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இதை ஏன் கணக்குச் சொல்கிறேன் என்பது நம் கூட்டங்களில் உட்காரும் வரிசையைக் கவனித்தவர்களுக்குப் புரியும்.

சிராங்கூன் சாலையோடே நேராக நடந்தால், இரண்டு பெரிய கோயில்களையும் தாண்டி, முக்கால் மணி நேரத்தில் கல்லாங் ஆறு வந்துவிடுகிறது. இதே சாலையில் எத்தனை தைப்பூசத்துக்கு வந்திருப்போம்! பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்தோடு மூன்று நான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நம்மவர்கள். "நம் ஆட்கள் நடக்க மாட்டார்கள்" என்று எந்த வாயால் சொல்கிறோம்?

கல்லாங்தான் சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. நீளமென்றால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்! எங்கள் கிந்தா ஆறு கேட்டால் சிரிக்கும். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கி, வீவக அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நடுவே வந்து, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தப் பக்கத்தில் 'கோலாம் ஆயர்' என்றொரு வட்டாரப் பெயர் உண்டு. மலாயில் கோலாம் என்றால் குளம். அது நம் குளத்திலிருந்து போன சொல்தான். பள்ளியில் ஐந்து ஆண்டுகள் மலாய் வழியாகப் படித்தவள் நான். எனக்கு அது ஆற்றங்கரையில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடந்தோம். பூங்கா இணைப்புப் பாதை சமதளம். தாத்தாக்களும் குழந்தை வண்டிகளும் போகிற பாதை. பொத்தோங் பாசிர் தாண்டி ஓரிடத்தில், குடை விரித்தது போன்ற பெரிய மரத்தின் கீழே ஒருவர் புல்வெட்டும் எந்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் தமிழைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"எங்க தங்கச்சி, வழி தவறிட்டீங்களா?"

"இல்லண்ணே, சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா?" என்று சிரித்தார். புதுக்கோட்டைப் பக்கம் அவர் ஊர். உயர்தமிழில் சிறப்புத் தேர்ச்சி பெற்ற எங்கள் நண்பர் ஒருவர், அது என்ன மரம் என்று கேட்டார். "இதா? தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் இலையெல்லாம் மூடிக்கும், பாத்ததில்லயா?" என்றார். 'ரெயின் ட்ரீ' என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மரம்! நம் வளாகத்தில் எத்தனை நிற்கின்றன! அவர் உற்சாகமாகிக் காலடியிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி நீட்டினார். "இது குப்பைமேனி. சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுவாங்க. இங்க இத நாங்க வெட்டிப் போட்டுட்டே இருக்கோம், அது வந்துட்டே இருக்கு." எனக்குத் திடுக்கென்றது. பாட்டி சொன்ன பெயர். பத்து ஆண்டுகளாக என் வாயில் வராத சொல்.

மேற்பார்வையாளர் வருகிறார் போலிருந்தது. அவர் எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். நாங்கள் நடந்தோம். எங்களுக்கு நடை, அவருக்கு வேலை. அந்த வேறுபாடு மனத்தில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம் என்பது அடுத்த பாலத்தில்தான் யாருக்கோ நினைவு வந்தது.

'அதில் தமிழ் எங்கே இருக்கிறது?' என்ற கேள்விக்கு அன்று எனக்கு ஒரு பதில் கிடைத்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கினார் என்று நாம் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பட்டியலில் வேங்கையும் உண்டு. இந்த ஊர்ச் சாலையோரங்களில் மஞ்சள் பூவைக் கொட்டிக் கம்பளம் விரிக்கிற அங்சானா, அந்த வேங்கைக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினம். பட்டியலில் உள்ள புன்னையும் கொன்றையும் இங்கே அரசாங்கமே நட்டு வளர்க்கும் மரங்கள். 99 என்ற எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறோம். காலடியில் கிடக்கும் ஒரு பூவுக்குப் பெயர் தெரியவில்லை. கபிலர் மேடையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் தயாரித்திருக்க மாட்டார் என்பது என் தாழ்மையான கருத்து.

இன்னொன்றும் நடந்தது. ஈப்போக்காரி 'பசியாறியாச்சா' என்று கேட்பதையும், மதுரைக்காரர் 'டிபன்' என்பதையும், இந்த ஊர்த் தோழி இரண்டையும் விட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவதையும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே பீஷான் வந்துவிட்டோம். கூட்டங்களில் மூன்று தனித்தனி வட்டங்களாக நிற்பவர்கள், பாதை குறுகும்போது இரண்டிரண்டு பேராகத்தான் நடக்க முடியும். யார் யாரோடு நடப்பது என்பதைப் பாதையே தீர்மானித்துவிட்டது.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "சிங்கப்பூரில் எல்லாம் செயற்கை, இதில் என்ன இயற்கை நடை" என்று முகம் சுளிப்பவர்களுக்காக. வெள்ளத்தைத் தடுப்பதற்காகக் கல்லாங் ஆற்றை ஒரு காலத்தில் நேரான கான்கிரீட் கால்வாயாக்கினார்கள். பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு அந்தக் கால்வாய் ஓடியது. பிறகு அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, ஆற்றை வளைந்து ஓட விட்டார்கள். 2012இல் பூங்கா புதிதாகத் திறக்கப்பட்டபோது அதே தூரம் 3 கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டிருந்தது. கரையில் கல்லும் புல்லும் வேரும்தான் மண்ணைப் பிடித்து வைக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் புல்வெளி வரை ஏறும். அபாய ஒலி எழுப்பி மக்களை மேலே வரச் சொல்வார்கள். நாங்கள் போனபோது தண்ணீர் முழங்காலுக்கும் கீழே. ஓர் உடும்பு கால்நீட்டி வெயில் காய்ந்தது. நீர்நாய்கள் உண்டென்றார்கள், எங்களுக்குக் காட்சி தரவில்லை. செயற்கைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடும்புக்கு அது தெரியாது. என் ஊரில் இயற்கையான மலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே செயற்கையான கால்வாயை உடைத்து ஆறாக்கினார்கள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் எனக்கு எளிதாக முகம் சுளிக்க வரவில்லை.

லோவர் பியர்ஸ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. வழியில் உட்கார்ந்த நேரமெல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம். கால் வலித்தது. ஒருவருக்குக் கொப்புளம். வெயில் பற்றிச் செயற்குழு சொன்னது முழு உண்மை. அதையும் பதிவு செய்கிறேன். காலை ஏழுக்குப் பதில் ஆறேகாலுக்குப் புறப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த நடை பழைய ரயில் பாதையில். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு மலாயா ரயில் வந்து போன வழி அது. 2011 ஜூன் 30உடன் அங்கே வண்டிகள் நின்றன. இப்போது 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் 1932 வாக்கில் குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தின் ஓரம் வைத்து வழிபட்ட முனியாண்டிதான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கும் முனீஸ்வரன். அங்கிருந்து புக்கிட் தீமா பழைய நிலையம் வரை போதும். ஒரே நாளில் 24ஐயும் முடிக்கும் வீரம் எங்களுக்கு இல்லை. தேர்வு முடிந்த முதல் சனிக்கிழமை, காலை ஆறேகால், முனீஸ்வரன் கோயில் வாசல். தண்ணீர்ப் போத்தல், குடை, பழைய காலணி. செயற்குழுவில் சிரித்தவர்களில் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.