மருந்து வந்தபின்னும் மாறாத கேள்வி

"காசநோய்க்குத்தான் மருந்து கண்டாகிவிட்டதே; இனி அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி எளிது, விடைதான் எளிதன்று.

அமெரிக்க அறிஞர் மெரில் சேஸை எண்ணிப் பாருங்கள். நோயெதிர்ப்பு என்றாலே குருதிநீரின் வேலை என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. காசநோய்க் கிருமிக்குப் பழகிய கினிப்பன்றியின் வெள்ளணுக்களை, பழகாத கினிப்பன்றிக்குச் செலுத்தினார் அவர். பிறகு டியூபர்குலின் ஊசி போட்ட இடம் சிவந்து தடித்தது. குருதிநீரால் ஆகாதது அணுக்களால் ஆயிற்று! 1945-இல் இதை வெளியிட்ட சேஸ், 2004-இல் தம் 98-ஆம் வயதில் மறைந்தார்.

ஆனால், தோல் சிவப்பதும் நோய் தடுக்கப்படுவதும் ஒன்றா? அன்று என்று காட்டியது நம் செங்கற்பட்டு. 1968-இல் அங்கே தொடங்கிய பி.சி.ஜி. சோதனையில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். தடுப்பூசி பெற்றோருக்கு டியூபர்குலினால் தோல் தடித்தது. ஆயினும் 15 ஆண்டுகள் கண்காணித்ததில், வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை.

2023-இல் மட்டும் உலகில் 12 இலட்சம் பேருக்கு மேல் இந்நோய்க்குப் பலியாயினர். வந்தபின் தீர்க்க மருந்து உண்டு. வருமுன் காக்க நல்ல தடுப்பூசி வேண்டும். எந்த அணு எவ்வாறு காக்கிறது என்று தெளியாமல் அதைத் தேடுவது இருட்டில் துழாவுவதே.

படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பது தவறன்று, நானும் கேட்பவன்தான். எனினும் நண்பர்களே, நம்மில் நாலு பேராவது இந்த நெடுவழியில் நடக்க வேண்டும். கை நீட்டி ஊசி ஏற்ற செங்கற்பட்டு மக்களுக்கு நாம் பட்ட கடன் அது.