அந்நியர் யார்?



கத்திரி வெயிலில் சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் சாலையில் சற்றே நின்று பாருங்கள். கரிசல் மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். ஒதுங்கி நிற்க நிழல் அரிது. இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கே இவ்வெப்பம் பொறுக்க இயலாததாயிருக்கிறது. அவ்வாறாயின், குளிர் நாட்டில் பிறந்து இம்மண்ணில் குடிபுகுந்தோர் என்ன பாடு பட்டிருப்பர்!

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் சேசு சபைக் குரு, 1710-இல் கோவா வந்து சேர்ந்தார். பின்னர் மதுரை மறைபணித் தளத்திற்கு வந்து, கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்தார். புலால் உணவை விடுத்தார். காவி உடை அணிந்தார். தம் பெயரையும் தைரியநாதர் எனத் தமிழாக்கிக் கொண்டார். போதிக்க வந்தவர் முதலில் மாணவராக அமர்ந்து தமிழ் பயின்றார். பின்னாளில் வீரமாமுனிவர் எனப் போற்றப்பெற்ற அவரே 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியையும், 1732-இல் சதுரகராதியையும் நமக்களித்தார். எ, ஏ என்றும் ஒ, ஓ என்றும் இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறையும் அவர் செய்த சீர்திருத்தமே. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. இன்று அவரை அந்நியர் என்று யார் சொல்வர்?

இவ்வரலாற்றில் நாம் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. கற்க விரும்பியவர் முனிவர். ஆனால் கற்பித்தவர்கள் தமிழர்கள். மொழி தெரியாத ஒருவருக்குப் பொறுமையோடு சொல் சொல்லிக் கொடுத்தவர்களும், அவரைத் தம் ஊரில் வாழ இடங்கொடுத்தவர்களும் இம்மண்ணின் மக்களே. ஆகவே, அந்நிய நாட்டில் குடியேறுதல் வருகிறவரின் முயற்சியால் மட்டும் நிறைவேறுவதன்று. இருக்கிறவர் திறக்கும் வாசலும் வேண்டும்.

நம் வாசல் இன்று எப்படி இருக்கிறது?

1983-ஆம் ஆண்டு முதல் இலங்கையிலிருந்து போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த தமிழ் மக்களுள் ஒரு பகுதியினர், நம் விருதுநகர் மாவட்டத்தில் ஆனைக்குட்டம், குல்லூர்சந்தை முதலிய இடங்களிலுள்ள முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுள் மடு மாதாவின் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் செபமாலை சொல்லும் மொழி நம் மொழியே. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. பெயர் மாறியது நன்றே. ஆயினும் 1987 ஜூலை முதல் நாளிலிருந்து இந்நாட்டில் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இல்லாவிடில், பிறப்பினால் குடியுரிமை கிட்டுவதில்லை. அதனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணம்புரிந்தவர் பலரும் சட்டத்தின் கண்ணில் இன்னும் அயலாரே.

எண்ணிப் பாருங்கள். ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாமல் வந்த இத்தாலியர் நம்மவரானார். தமிழைத் தாய்ப்பாலோடு பருகியவர்களோ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நியராய் நிற்கின்றனர்!

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் “முகாம்காரரா?” என்று கேட்டுக் கதவை அடைப்பது சட்டமன்று, அது நம் மனம். பங்குத் திருவிழாவில் அவர்களிடம் வரி வாங்கிக்கொண்டு, பங்குப் பேரவையில் இடம் தர மறந்துபோவதும் சட்டமன்று.

“எங்கள் பிள்ளைகளுக்கே வேலையில்லையே” என்று சிலர் முறையிடக் கூடும். அம்முறையீட்டில் பொய்யில்லை. 2018 முதல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு விதித்த கட்டுப்பாடுகளால் சிவகாசி வட்டாரக் குடும்பங்கள் படும் இன்னலை நாம் அறிவோம். ஆயினும் சாரிபாத்துக் கைம்பெண்ணை நினைவுகூருங்கள். பானையில் கடைசிப் பிடி மாவு இருந்தபோதுதான் அவள் அயலாராகிய எலியாவுக்கு அப்பம் சுட்டாள். அந்தச் சிவகாசியின் வரலாறு சொல்வதும் இதுவே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொலைதூரக் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். வேற்று மொழி பேசும் அந்நகரில் அவர்களுக்குத் தொழில் கற்க இடம் கிடைத்ததால் அன்றோ இங்கே ஆயிரமாயிரம் அடுப்புகள் எரிந்தன!

1952-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், குடிபெயர்ந்தோரைக் குறித்து வெளியிட்ட சாசனத்தில், ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். அன்று எகிப்தில் யாரோ ஒரு குடும்பம் சூசையப்பருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். யாரோ ஒரு தாய் மரியன்னைக்குத் தண்ணீர்த் துறையைக் காட்டியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இறைவனுக்குத் தெரியும்.

இம்மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் உடனே வீடு திரும்பாதீர்கள். கடைசி வரிசையில் தனித்து நிற்கும் குடும்பத்தை அணுகி, பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேட்பது பிறகாகட்டும். வீட்டிற்கு அழைத்து ஒருவேளை உணவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இரவு குடும்பச் செபத்தில் அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் எவரும் அந்நியரல்லர்.