எஸ்-9 என்றால் எவ்வளவு?

ஹாம் ரேடியோக்காரர்கள் பேச ஆரம்பித்ததும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "என் சிக்னல் எப்படி?" பதில் ரெடியாக இருக்கும்: "ஃபைவ் நைன்!" இதில் 5 என்பது பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதற்கு. 9 என்பது சிக்னலின் பலம். ரேடியோவில் இருக்கிற எஸ்-மீட்டரைப் பார்த்துச் சொல்வது. சரிங்க, அந்த 9 என்றால் எவ்வளவு?

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனின் முதல் மண்டலம் (ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கியது) 1981-ல் வகுத்தது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எஸ்-9 என்றால் ரிசீவரின் ஆண்டெனா முனையில் 50 மைக்ரோவோல்ட். அதற்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் 6 டெசிபல். அதாவது முள் ஒரு புள்ளி ஏற வேண்டுமானால் எதிர்முனைக்காரர் பவரை நாலு மடங்காக்கணும். 100 வாட்டை 400 ஆக்கினால் எஸ்-7, எஸ்-8 ஆகும். அவ்வளவுதான்.

இது ஏட்டில். பழைய அனலாக் செட்டுகள் பலவற்றில் கீழ்ப்பாதியில் ஒரு புள்ளிக்கு 3 டெசிபல்கூட இருக்காது. காரணம், முள்ளை ஆட்டுவது ஏஜிசி வோல்டேஜ். சத்தம் ஒரே சீராகக் கேட்கணும் என்பதற்காக வைத்த சர்க்யூட் அது, அளப்பதற்காக வைத்ததல்ல. ப்ரீஆம்ப் பட்டனைத் தட்டினால் பல செட்டுகளில் வந்த சிக்னல் அப்படியே இருக்க, முள் மட்டும் எகிறும்.

பேங்க் ஆசாமியான எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஒவ்வொரு கிளையும் ரூபாய்க்கு இத்தனை பைசா என்று தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே டேலி ஆகும்? மளிகைக்கடைத் தராசுக்குக்கூட அரசு முத்திரை உண்டு. எஸ்-மீட்டருக்கு அதுவும் கிடையாது.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு கறாரா?" என்பீர்கள். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் வெயிலில் மொட்டை மாடி ஏறி ஆண்டெனாவைத் திருப்புகிறார், ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா என்று முடிவெடுக்கிறார். விருந்து வீட்டில் "சாம்பார் பிரமாதம்" என்பதுபோல எல்லாருக்கும் ஃபைவ் நைன் கொடுத்தால் அவருக்கு என்ன பிரயோஜனம்? 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானிலிருந்து தகவல் அனுப்ப ஹாம் ரேடியோ கைகொடுத்தது. அப்படி ஒரு நேரத்தில் சிக்னல் தாங்குமா தாங்காதா என்பதை மரியாதைக்காக மாற்றிச் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் சாதாரண நாளிலேயே வரணும்.

பெரிய செலவும் இல்லை. சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருக்கிற நண்பரிடம் ஒரு மணி நேரம் இரவல் கேளுங்கள். 50 மைக்ரோவோல்ட் கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 6, 6 டெசிபலாகக் குறைத்து ஒவ்வொன்றையும் குறித்து, அந்த அட்டவணையை ரேடியோ மேலேயே ஒட்டிவிடுங்கள். ஜெனரேட்டர் இணைத்திருக்கும்போது மைக் பட்டனை மட்டும் அழுத்திவிடாதீர்கள், அது கருகிவிடும்.

அதுவும் முடியாவிட்டால் காதால் கேட்டதைச் சொல்லுங்கள்: "சத்தம் குறைவு, இரைச்சல் இருக்கு, ஆனா எல்லாம் புரியுது." அளவு பார்க்காத 9-ஐவிட இது எவ்வளவோ மேல்.