கரைக்கு வராத கணக்கு: வலையில் சிக்கும் ஆமை, ஓங்கல் குறித்து மன்றத்தின் நிலைப்பாடு

மும்பையின் சசூன் டாக்கிலும் வெர்சோவாவிலும் இறங்கும் பொம்பில் மீனுக்கும் இறாலுக்கும் கணக்கு உண்டு. கொச்சியில் தலைமையிடம் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மீன் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து நாட்டின் ஆண்டுப் பிடிப்பை மதிப்பிட்டு வருகிறது. அதே வலையில் தவறிச் சிக்கிய பங்குனி ஆமையோ ஓங்கலோ (டால்பின்) அந்தக் கணக்கில் ஏறுவது அரிது. அவை பெரும்பாலும் கரைக்கே வருவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரைப் படகில் வைத்துக்கொண்டு துறைக்குள் நுழைய எந்தத் தாண்டேல் (படகுத் தலைவர்) துணிவார்? செத்திருந்தால் கடலிலேயே தள்ளிவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் அணுசக்தி நகரில் கூடிவரும் தமிழ் அறிவியல் மன்றம் தன் நிலைப்பாட்டை வெளியிடுகிறது. அளவீட்டையே தொழிலாகக் கொண்ட பலர் வாழும் ஊர் இது. பிழைவரம்பு சொல்லாத எண்ணை ஆய்வகத்தில் ஒருவரும் ஏற்பதில்லை. பக்கத்திலேயே டிராம்பே கோளிவாடா என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள மீனவரின் பிழைப்பையும் கடலுயிரின் பிழைப்பையும் ஒருசேரத் தீர்மானிக்கும் விஷயத்தில், எண்ணே இல்லாமல் விதி வகுப்பது தகாது என்று மன்றம் கருதுகிறது.

எண்கள் அறவே இல்லை என்பதல்ல. 2004 முதல் 2007 வரை சென்னை, காக்கிநாடா, மங்களூர் ஆகிய மூன்று மையங்களில் செவுள் வலையில் சிக்கியவற்றைப் பார்த்துவந்த ஆய்வாளர்கள் 44 ஓங்கல், திமிங்கல இன உயிர்களைப் பதிவு செய்தார்கள். இந்தியக் கரையோரம் முழுக்க ஆண்டுக்கு 9,000 முதல் 10,000 வரை மடியலாம் என்று 2009-இல் வெளியான அவர்களது கட்டுரை மதிப்பிட்டது. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு இந்தியப் பெருங்கடல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. சூரை மீனுக்காக விரிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் சிறு திமிங்கல இன உயிர்கள் சிக்கியிருக்கும் என்றது. அதற்கு அடிப்படை, 1981-க்கும் 2016-க்கும் இடையே ஆஸ்திரேலியா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளில் நடந்த பத்து மாதிரித் திட்டங்கள் மட்டுமே. இத்தனை சிறிய அடித்தளத்தில் நிற்பதால் அந்த எண்ணைத் தூக்கியெறிய வேண்டும் என்பாரும் உண்டு. மன்றம் அதை ஏற்கவில்லை. அடித்தளம் போதவில்லை என்றால் அடித்தளத்தைத்தான் அகலப்படுத்த வேண்டும்.

‘எங்கள் கடலில் ஒன்றுகூடச் சிக்கவில்லை’ என்ற வாதத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்காணிப்பாளர் ஒருவர் 300 கடல் பயணங்களுக்கு உடன் சென்றதாக வைத்துக்கொள்வோம். ஓங்கல் ஒன்றும் சிக்கவில்லை. சிக்கும் வாய்ப்பு பூஜ்யம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. புள்ளியியலில் இதற்கு எளிய விதி உண்டு: மூன்றைப் பயணங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 விழுக்காடு நம்பகத்தோடு மேல்வரம்பு கிடைக்கும். இங்கே அது நூற்றுக்கு ஒன்று. அந்தப் படகுகள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பயணம் போகுமானால், ஒன்றையும் காணாத அதே கண்காணிப்போடு 1,000 ஓங்கல் வரை மடிந்துகொண்டிருப்பது முரண்படாது. மெதுவாகக் குட்டி ஈனும் ஓங்கல் போன்ற இனத்துக்கு அது பேரிழப்பு. அரிதாக நேர்வதை அளக்கத்தான் அதிகப் பயணங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிராவில் நல்ல தொடக்கம் ஒன்று நடந்திருக்கிறது. 2018 டிசம்பரில் அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி, வலையை அறுத்துப் பாதுகாக்கப்பட்ட உயிரைக் கடலில் விடும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. படமோ காணொளியோ சான்றாகக் கொடுக்க வேண்டும். குஜராத்தில் திமிங்கலச் சுறாவுக்காக 2004-இல் தொடங்கிய இயக்கமும் மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பதிவு செய்ய வைத்தது. மீனவரை நம்பினால் தகவல் வரும் என்பதற்கு இவை சான்று. ஆனால் இழப்பீட்டுப் பதிவில் ஏறுவது உயிரோடு விடப்பட்டவை. நீரோட்டத்துக்கு எதிரே கட்டிய டோல் வலையின் பைக்குள் மூச்சுத் திணறி இறந்த ஆமைக்கு அந்தப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. எத்தனை பயணங்களுக்கு இத்தனை என்று வகுக்கப் பயண எண்ணிக்கையும் அதோடு சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கரையில் கிடந்தவற்றை எண்ணிவிட்டார்கள். காற்றும் நீரோட்டமும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனவை, நடுக்கடலிலேயே மூழ்கியவை எத்தனை என்று படகில் இருந்து பார்க்காமல் சொல்ல இயலாது.

வணிகமும் இதோடு பிணைந்திருக்கிறது. ஆமை தப்பிக்கும் சாதனத்தை இழுவைமடியில் பொருத்தவில்லை என்று இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. அந்தச் சாதனத்தைக் கொச்சியின் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஏற்கெனவே நம் வலைகளுக்கேற்ப வடிவமைத்திருந்தும் இந்த நிலை. ஓங்கல், திமிங்கலம் ஆகியவற்றைக் காக்கத் தன் மீனவருக்கு வைத்துள்ளதற்கு ஈடான ஏற்பாட்டை ஏற்றுமதி செய்யும் நாடுகளிடமும் அமெரிக்கா கேட்கிறது. அந்த விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. பிறர் கேட்பதற்காக அல்ல, நம் கடலுக்காகவே எண்ண வேண்டும் என்பது மன்றத்தின் உறுதியான எண்ணம். இருந்தாலும் சான்று இல்லாத நாட்டின் மீனவர்தான் முதலில் சந்தையை இழக்கிறார்.

ஆகவே மன்றம் கேட்பது இது. தவறிச் சிக்கியதை உண்மையாகத் தெரிவிக்கும் மீனவர்மீது வழக்கு வராது என்று வனத்துறையும் மீன்வளத் துறையும் எழுத்தில் உறுதி தர வேண்டும். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கும். செவுள் வலை, டோல் வலை, இழுவைமடி மூன்றிலும் படகில் ஆள் அனுப்பியோ கேமரா வைத்தோ மாதிரி எடுக்க வேண்டும். அதற்காகும் நேரத்துக்குப் படகுக்காரருக்குப் பணம் தர வேண்டும். வெளியிடும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் கீழ்வரம்பும் மேல்வரம்பும் இருக்க வேண்டும். முதற்படியாக, 2018 முதல் சேர்ந்துள்ள இழப்பீட்டுப் பதிவுகளை, மீனவர் பெயரை நீக்கி, வலை வகை, இடம், மாதம் ஆகியவற்றோடு மகாராஷ்டிர அரசு பொதுவில் வைக்க வேண்டும் என்று மன்றம் கோருகிறது.