கண் படம் எல்லாவற்றையும் சொல்லாது

மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயாளிக்கு இனி எம்.ஆர்.ஐ. எதற்கு, கண்ணின் பின்புறத்தை ஓ.சி.ரி. ஸ்கானில் பார்த்தாலே நோய் எவ்வளவு முற்றியிருக்கிறதென்று தெரிந்துவிடுமே என்கிறார்கள். வன்னியில் இந்தப் பேச்சு எடுபடக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ.க்குக் கொழும்பு போவதென்றால் கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் மேல். அதைவிடப் பெரிய காரணம், 2009இல் முடிந்த போரின் ஷெல் துண்டுகளை உடம்பில் சுமந்தபடி இங்கே பலர் வாழ்வது. காந்தம் இழுக்கக்கூடிய துண்டு கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டருகிலோ கிடந்தால் எம்.ஆர்.ஐ. ஆபத்து. ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.ரி.க்கு அந்தத் தடை இல்லை. சில நிமிட வேலை, ஊசியும் கிடையாது.

கருவியில் குறை சொல்ல மாட்டேன். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. குழுவினர் அறிமுகப்படுத்திய இந்த முறை விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. அங்குள்ள நரம்பிழைகளுக்கு, எம்.எஸ். தாக்கும் மயலின் உறை இல்லாததால், அடுக்கு மெலிந்தால் இழையே அழிந்திருக்கிறது என்று கொள்ளலாம். எதனால் அழிந்தது, எப்போது அழிந்தது என்பதில்தான் சிக்கல்.

மெலிவு என்றால் முற்றல் என்கிறார்கள். நரம்பிழை அடுக்கின் தடிப்பு சராசரியாக 100 மைக்ரோன் அளவு. எம்.எஸ். நோயில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோனோ அதற்கும் குறைவாகவோதான் தேய்கிறது. ஒரே கண்ணை ஒரே நாளில் இருமுறை எடுத்தாலே சில மைக்ரோன் முன்பின் வரும். விழித்திரையின் இன்னோர் அடுக்கான கங்லியன் கல அடுக்கின் அளவு இதைவிட நிலையானது. என்றாலும் ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை நம்பி மருந்தை மாற்றுவது அசட்டுத் துணிச்சல். கண் நரம்பு அழற்சி வந்தால் கதையே தலைகீழ்: முதலில் வீங்கித் தடிப்புக் கூடும், பிறகு 3 முதல் 6 மாதத்துக்குள் 10 முதல் 40 மைக்ரோன் வரை சரியும். அது அந்த ஒரு தாக்குதலின் தழும்பு. குளுக்கோமாவும் கடும் குறும்பார்வையும் நீரிழிவும்கூட இதே அடுக்கை மெலியவைக்கும். நீரிழிவு எவ்வளவு பரவல் என்பதை கிளினிக் வரிசையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆய்வே நிரூபித்துவிட்டது என்பது அடுத்த வாதம். 2016இல் லான்செட் நியூரோலொஜி மருத்துவ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு, அடுக்கு 87, 88 மைக்ரோனுக்கு மேற்படாதவர்களுக்கு இயலாமை கூடும் அபாயம் சுமார் இருமடங்கு என்றது. நல்ல ஆய்வுதான். ஆனால் கூட்டத்தின் அபாயக் கணக்கை வைத்து, எதிரே இருக்கும் ஒருவருக்கு அடுத்த ஆண்டு எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. எம்.எஸ். நோயை உறுதிசெய்யும் மக்டொனால்ட் விதிகளின் 2024 திருத்தம் கண் நரம்பையும் சேர்த்துக்கொண்டதே என்பார்கள். அது நோயை இனங்காண்பதற்கு, முற்றலை அளப்பதற்கல்ல.

என் பெரிய கவலை வேறு. ஆசியாவில் எம்.எஸ். குறைவு, கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. நோயின் பங்கு மேற்கைவிட அதிகம். அதற்குரிய எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்ட பின் இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது தெளிவாயிற்று. என்.எம்.ஓ.விலும் அடுக்கு மெலியும், இன்னும் மோசமாக. அதை எம்.எஸ். என்று எண்ணி எம்.எஸ். மருந்துகளான இன்ரர்ஃபெரோனோ ஃபிங்கோலிமொட்டோ கொடுத்தால் நோய் தீவிரமாகலாம். இரத்தப் பரிசோதனையையும் முள்ளந்தண்டு எம்.ஆர்.ஐ.யையும் தவிர்த்துவிட்டுக் கண் படத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்து இதுதான்.

அப்படியானால் ஷெல் துண்டுக்காரர் என்ன செய்வது? முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே கிடக்கிறதென்று பார்க்க வேண்டும். எல்லாத் துண்டும் தடையாகாது. உண்மையிலேயே எம்.ஆர்.ஐ. முடியாதவருக்கு ஓ.சி.ரி. பெறுமதியானது. அழற்சி தணிந்து ஆறு மாதத்தின் பின் எடுத்த படத்தை அடிப்படையாக வைத்து, அதே கருவியில் ஆண்டுக்கொருமுறை எடுக்கலாம். கூடவே 25 அடி நடக்க எத்தனை செக்கன், 9 துளைப் பலகையில் குச்சிகளைச் செருகி எடுக்க எத்தனை செக்கன் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் குறித்துவைக்கலாம். நடையை அளக்க வைத்தியசாலை விறாந்தையும் ஒரு மணிக்கூடும் போதும்.