அலையில் கால் நனைக்கும் முன்

மெரினாவுக்கு வரும் குடும்பம் முதலில் செய்வது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அலையை நோக்கி நடப்பதுதான். மாசி மகத்தன்று கூட்டம் கூட்டமாய்த் தலை மூழ்கவே வருகிறார்கள். அந்த மணலுக்கு வடக்கே நேப்பியர் பாலத்தருகில் கூவமும், தெற்கே சீனிவாசபுரத்தை ஒட்டி அடையாறும் கடலில் கலக்கின்றன. இரண்டும் மழைநீரை மட்டும் சுமந்து வருவதில்லை என்பது ஊரறிந்தது.

கடல்நீரில் மலம் கலந்திருப்பதைக் கண்ணால் காண முடியாது. மனிதக் குடலில் வாழும் இ.கோலி, எண்டரோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களைத் தேடித்தான் அறிய வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. ஆனால் அவை இருக்கும் நீரில் டைஃபாய்டு, மஞ்சள்காமாலை, வயிற்றுப்போக்குக் கிருமிகளும் இருக்கக்கூடும். எண்டரோகாக்கஸ் உப்புநீரில் கூடுதல் நேரம் தாங்குவதால் உலக சுகாதார நிறுவனம் கடல்நீருக்கு அதையே அளவுகோலாக வைத்திருக்கிறது. நம் நாட்டில் குளிப்பதற்கான கடல்நீருக்குரிய வரையறை, 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் (இ.கோலி அடங்கிய பாக்டீரியாக் குழு) 100.

வரையறை இருந்தும் அளந்த எண் அலையில் இறங்குகிறவரின் கண்ணில் படுவதில்லை. என் ஆதங்கம் அதுதான். கலிஃபோர்னியாவில் 1997இல் இயற்றிய சட்டப்படி, ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் வரும், மழைநீர் வடிகால் வந்து விழும் கடற்கரைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் சோதிக்கிறார்கள். அளவு மீறினால் கரையிலேயே எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையை அடுத்துள்ள நம் கோவளம் 2021இல், தூய கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றைப் பெற்றது. நீரைச் சோதிப்பதும் முடிவைக் கரையில் எழுதி வைப்பதும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். கோவளத்தில் முடிவது மெரினாவை ஒட்டிய மீனவர் குடியிருப்பான நொச்சிக்குப்பத்தில் ஏன் முடியாது?

இப்படிப் பலகை வைத்தால் மீன் விற்பனை படுத்துவிடுமோ என்று குப்பத்துப் பெண்கள் அஞ்சினால் அது நியாயமான அச்சம். கரையோர நீர் வேறு, ஆழ்கடலில் பிடித்த மீன் வேறு என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். தினமும் அந்த நீரில் படகு தள்ளுகிறவர்களைக் கேட்டே இந்தத் திட்டத்தை வகுக்க வேண்டும்.

அளப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை, பலகை வைப்பது மாநகராட்சியின் வேலை. ஆனால் மலம் நம் வீடுகளிலிருந்து போகிறது. கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்த வீட்டுக்காரரும், இரவோடு இரவாக வடிகாலில் கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் லாரிக்காரரும், அதைப் பார்த்தும் பேசாமலிருக்கும் நாமும் இதில் பங்குதாரர்கள். குடியிருப்போர் சங்கங்கள் தம் தெருவின் இணைப்புகளைத் தாமே சரிபார்க்கலாம். நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகள் வாரம் ஒரு நாள் மாதிரி எடுத்துத் தரலாம்.

ஆய்வகத்தில் கிருமி வளர்ந்து முடிவு தெரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பலகை சொல்வது எப்போதும் நேற்றைய கடலைத்தான். பெருமழைக்குப் பின் ஆறுகள் அடித்து வருவதை அது உடனே காட்டாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முதல் பலகையை நடுங்கள். பலகை இருந்தாலும், மழை விட்ட பின் மூன்று நாட்களுக்காவது பிள்ளைகளை அலையில் இறக்காதீர்கள்.