பழைய நம்பரில் கை வைக்காதீர்கள்!

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். போர்டு மாறியது, லெட்டர்ஹெட் மாறியது. ஆனால் கப்பல் கம்பெனிகள் எழுதும் ஐ.என்.டி.யூ.டி. என்கிற துறைமுகக் கோடு மாறவே இல்லை. இங்கே ஏற்றிய கன்டெய்னர் கொழும்பில் வேறு கப்பலுக்கு மாறினாலும், அதன் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் அப்படியேதான் இருக்கும். எத்தனை கம்ப்யூட்டர்களைத் தாண்டினாலும் சரி!

ஆனால் கணக்கு சாஃப்ட்வேரை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்களில் சிலருக்கு மட்டும் பழைய ஐடி எல்லாம் குப்பை. "புது டேட்டாபேஸே 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளும்" என்பார்கள். ஆட்டோ இன்கிரிமென்ட் இருக்கிறதே, அந்தத் தைரியம்.

உப்பு வியாபாரி ஒருவர் பழைய டேபிளில் 57. அவருக்கு முன்னால் ஐந்து பேரை எப்போதோ அழித்திருக்கிறார்கள். புதிதாக எண்ணினால் அவர் 52. பில் டேபிளிலோ இன்னும் 57 என்றே இருக்கிறது. இப்போது அந்த 57 யார்? ஒரு கருவாட்டு வியாபாரி! உப்புக்காரர் பாக்கி அவர் தலையில்.

இதில் கொடுமை என்னவென்றால், இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். மொத்த வரவேண்டிய பாக்கி மாறவில்லையே. பதினொன்றாம் வகுப்பில் படித்த அதே செய்பிழைதான். பாக்கி கேட்டுப் போய் திட்டு வாங்கும்போதுதான் தெரியும்.

பழைய ஐடியை அப்படியே கொண்டுபோக எல்லா டேட்டாபேஸிலும் வழி இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி இன்சர்ட்டை ஆன் செய்ய வேண்டும். மைஎஸ்க்யூஎல்-லில் பெரிய நம்பரை நாமே போட்டால் கவுன்ட்டரும் கூடவே ஏறிவிடும். போஸ்ட்கிரெஸ்-ஸில் ஏறாது. ஐயாயிரம் வரிசையை ஏற்றினாலும் அதன் சீக்வென்ஸ் 1-லேயே நிற்கும். அடுத்த புது வாடிக்கையாளரைச் சேர்த்தால் 'டூப்ளிகேட் கீ' என்று கத்தும். செட்வால் என்று ஒரே ஒரு வரியில் அதிகபட்ச ஐடியைச் சொல்லிவிட்டால் முடிந்தது வேலை. அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டுத்தான் மொத்த நம்பரையும் கலைக்கிறார்கள் :-(

"நடுவில் ஓட்டை இருக்கிறதே" என்று இன்னொரு சாக்கு. இருக்கட்டுமே. பாதியில் ரத்தான டிரான்சாக்‌ஷனும் நம்பரைத் தின்றுவிட்டுத்தான் போகும். விடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டியது பில் நம்பர். ஜிஎஸ்டி விதி 46 கேட்பது அதைத்தான். அதற்குத் தனியாக ஒரு காலம் போடுங்கள். ஐடியை அதன் போக்கில் விடுங்கள்.